புறநகர்ப் பாவம் பிறந்த கதை

முகமூடி போட்ட ஆண்கள், முகமூடி போட்ட பெண்கள். எல்லார் மேலும் நீள அங்கி. யார் யாருடைய கணவன், யார் யாருடைய மனைவி என்று தெரியக் கூடாது. அதுதான் அந்தக் கிளப்பின் சட்டம். பகலில் எதிர் வீட்டு வாசலில் நின்று கையசைக்கிற அதே ஆட்கள்தான் இரவில் இங்கே கூடியிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படம். பெரிய செட் எதுவும் கிடையாது. ஓர் அறை, கொஞ்சம் வெளிச்சம், நிறைய நிழல். 1964-ல் வெளிவந்த ‘சின் இன் தி சபர்ப்ஸ்’ என்ற அமெரிக்கப் படம் இது. எழுதி இயக்கியவர் ஜோ சார்னோ.

கல்யாணமானவர்கள் துணையை மாற்றிக்கொள்வதைக் கதையாக வைத்து அதற்குப் பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மலிவுப் படங்கள் வரிசைகட்டி வந்தன. செக்ஸ்ப்ளாய்டேஷன் என்று அந்தப் படங்களுக்குப் பெயர். இதுதான் முதல் படம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அச்சு இங்கேதான் வார்க்கப்பட்டது. சலிப்பில் தவிக்கும் மனைவி, வேலைக்குப் போய்விட்ட கணவன், ரகசியக் கிளப், கடைசியில் உடைந்துபோகும் குடும்பம் என்று பின்னால் வந்தவர்கள் சலிக்காமல் எடுத்துக்கொண்ட எல்லாமே இந்தப் படத்தில் இருக்கின்றன.

இவற்றை ஆபாசப் படம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடலாம். பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் உடம்பைக் காட்டுவதாகச் சொல்லி டிக்கெட் விற்றுவிட்டு, உள்ளே போனவர்களுக்கு இவை காட்டியது பெரும்பாலும் வீட்டைத்தான். அதற்குக் கலைத்தாகம் காரணம் இல்லை. நீதிமன்றமும் ரியல் எஸ்டேட்டும் விவாகரத்துச் சட்டமும் தயாரிப்பாளரின் காலி பர்ஸும் சேர்ந்து செய்த வேலை அது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித்தொகுப்பைப் போட்டுக்கொண்டு, 1934 முதல் அதைக் கறாராக நடத்தின. திருமணம் என்ற அமைப்பின் புனிதம் காக்கப்பட வேண்டும், கள்ள உறவைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது, குழந்தை பிறப்பதைக் காட்டவே கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. அந்தக் காலத்து ஹாலிவுட் படங்களில் புருஷன் பெண்டாட்டி படுக்கையறையைக் கவனித்தால் தெரியும். இரண்டு ஒற்றைக் கட்டில்கள், நடுவில் ஒரு விளக்கு மேஜை. இவர்களுக்குப் பிள்ளைகள் எப்படிப் பிறந்தன என்று எந்த ரசிகனும் கேட்காத வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது.

இந்த விதிகளுக்குக் கையெழுத்துப் போடாத ஒரு கூட்டம் வெளியே இருந்தது. ஸ்டுடியோ கிடையாது, நட்சத்திரம் கிடையாது. ஒரு படப்பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் திரையரங்கை வாடகைக்குப் பிடித்து ஓட்டுகிறவர்கள். அவர்களில் பெரிய ஆள் குரோகர் பாப். அவர் 1945-ல் கொண்டுவந்த ‘மாம் அண்ட் டாட்’, கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமாகும் பெண்ணின் கதை. பெண்களுக்குத் தனிக் காட்சி, ஆண்களுக்குத் தனிக் காட்சி. பாதியில் படத்தை நிறுத்திவிட்டு எலியட் ஃபோர்ப்ஸ் என்ற பாலியல் நிபுணர் மேடையேறிச் சொற்பொழிவு நடத்துவார். அரங்கில் உடல்நலப் புத்தகங்கள் விற்பனையாகும். எலியட் ஃபோர்ப்ஸ் என்று ஒருவர் இல்லவே இல்லை. ஒரே நேரத்தில் பல ஊர்களில் பல பேர் எலியட் ஃபோர்ப்ஸாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எதைக் காட்டினாலும் பக்கத்தில் ஓர் உபதேசத்தை நிறுத்தி வைத்துவிட்டால் போலீஸ் கொஞ்சம் தயங்கும் என்ற தொழில் ரகசியத்தை அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

பிறகு நீதிமன்றங்கள் கதவைத் திறந்தன, ஒவ்வொரு அங்குலமாக. ரோபெர்த்தோ ரோஸெலினியின் ‘தி மிராக்கிள்’ தொடர்பான வழக்கில் 1952-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சினிமாவும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்றது. அதுவரை அது வெறும் வியாபாரம். அடுத்து ‘கார்டன் ஆஃப் ஈடன்’. ஃபுளோரிடாவில் உள்ள ஒரு நிர்வாண முகாமில் எடுத்த படம். இதற்கு நியூயார்க் தணிக்கை அதிகாரிகள் உரிமம் தர மறுக்க, 1957-ல் அந்த மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிர்வாணம் என்பதே ஆபாசமாகிவிடாது என்று தீர்ப்புச் சொன்னது. உடனே நிர்வாண முகாம் படங்கள் பெருகின. வெயிலில் துணியில்லாமல் வாலிபால் ஆடுவார்கள், கேமரா தள்ளி நின்று பார்க்கும், அவ்வளவுதான். அலுப்பூட்டுவதில் அவற்றை மிஞ்ச ஒன்றும் இல்லை. 1959-ல் ரஸ் மேயர் 24,000 டாலர் செலவில் ‘தி இம்மாரல் மிஸ்டர் டீஸ்’ எடுத்து 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தபோது, முகாமும் தேவையில்லை, உபதேசமும் தேவையில்லை என்று சிறு தயாரிப்பாளர்களுக்குப் புரிந்துபோனது.

ஆனால் வெறும் தோலைக் காட்டி எத்தனை படம் எடுக்க முடியும்? இரண்டு மூன்று வருடத்தில் பார்வையாளனுக்கு அலுத்துவிட்டது. இனி கதை வேண்டும். கதைக்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடம் இலவசமாகக் கிடைக்க வேண்டும். வீட்டைவிட மலிவான செட் எது?

அப்போது அமெரிக்காவில் அதிகம் பேசப்பட்ட வீடு புறநகர் வீடு. 1947-ல் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி லெவிட் நிறுவனம் அச்சுப் போட்டது மாதிரி வீடுகளைக் கட்டத் தொடங்கியது. வேகம் கூடியபோது ஒரு நாளைக்கு 30 வீடுகள். சில ஆண்டுகளில் 17,000-க்கு மேல். போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்கார இளைஞர்களுக்கு அரசுக் கடனில் கிடைத்த வீடுகள் அவை. வெள்ளையர் அல்லாதவர்களைக் குடியிருக்க விடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. புல்லை வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும் என்பதும் வேலி போடக் கூடாது என்பதும் அதே ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகள். வேலி இல்லாத ஒரே மாதிரி வீடுகள், ஒரே வயதுத் தம்பதிகள், பகல் முழுக்க ஆண் வாசனையே இல்லாத தெரு. எதிர் வீட்டு ஜன்னலில் எப்போது விளக்கு அணைகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கதை சொல்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

அந்த வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்பதில் நாடு முழுவதற்கும் ஒரு குறுகுறுப்பு இருந்தது. ஆல்ஃப்ரெட் கின்ஸி 1948-லும் 1953-லும் வெளியிட்ட ஆய்வுகள், திருமணமான ஆண்களில் பாதிப் பேரும் பெண்களில் கால்வாசிப் பேரும் நாற்பது வயதுக்குள் வெளியுறவு கொண்டிருந்ததாகக் கணக்குச் சொன்னதும் பலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1960-ல் கருத்தடை மாத்திரை வந்தது. 1963-ல் பெட்டி ஃப்ரீடன், புறநகர் மனைவிகளின் பெயர் சொல்ல முடியாத மனச்சோர்வைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டே துணைமாற்றுக் கிளப்புகளைப் பற்றி ‘ஸ்வாப் கிளப்ஸ்’ என்ற புத்தகம் கடைக்கு வந்தது. இந்தப் பழக்கம் போர் விமானிகளின் முகாம்களில் தொடங்கியது என்று ஒரு கதை உலவுகிறது. கிண்ணத்தில் கார் சாவிகளைப் போட்டு ஜோடி பிரித்துக்கொள்ளும் விருந்து பற்றி இன்னொன்று. இரண்டுமே கர்ணபரம்பரைக் கதைகள் ரகம். கிண்ணமும் சாவியும் வீடுகளில் உருண்டதைவிட நாவல்களிலும் சினிமாவிலும் உருண்டதுதான் அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

விவாகரத்துச் சட்டத்தை இந்தக் கதையில் சேர்த்து யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. 1960-களின் பாதி வரை நியூயார்க் மாநிலத்தில் விவாகரத்து வேண்டுமென்றால் ஒரே ஒரு காரணம்தான் செல்லும்: துணையின் கள்ள உறவு. கொடுமை, பிடிக்கவில்லை, விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று எதைச் சொன்னாலும் எடுபடாது. சட்டத்தை 1966-ல்தான் திருத்தினார்கள். அது நடைமுறைக்கு வந்தது அடுத்த ஆண்டு. ஆக, மனம் ஒத்துப் பிரிய நினைத்த தம்பதிகள் என்ன செய்தார்கள்? ஹோட்டலில் அறை எடுத்தார்கள். கூலிக்கு ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். கணவன் உள்ளாடையோடு கட்டிலில் உட்கார, துப்பறிகிறவன் கதவைத் திறந்துகொண்டு நுழைய, கேமரா ஒளி பளிச்சென்று வெட்ட, சாட்சியம் தயார். நீதிபதிக்கும் தெரியும், வக்கீலுக்கும் தெரியும், எல்லாம் நாடகம் என்று. கொஞ்சம் யோசித்தால், நியூயார்க் சட்டமே பல பத்தாண்டுகளாக மலிவான படுக்கையறைக் காட்சிகளைத் தயாரித்துக்கொண்டுதான் இருந்தது. சினிமாக்காரர்கள் பின்னால் வந்தவர்கள்.

இந்த ஊரில், இந்தக் காலத்தில் வந்தவர் சார்னோ. 1921-ல் புரூக்ளினில் பிறந்தவர், லாங் ஐலண்டின் அமிட்டிவில்லில் வளர்ந்தவர். உருளைக்கிழங்கு வயல் காலத்து லாங் ஐலண்டையும் தெரியும், வீடுகள் முளைத்த லாங் ஐலண்டையும் தெரியும். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தார். கேமரா வேலை பழகியது கடற்படைக்குப் பயிற்சிப் படங்கள் எடுத்துத்தான். 1960-களின் தொடக்கத்தில் கவர்ச்சிப் படங்களுக்குக் கதை எழுத வந்து, விரைவில் தானே இயக்க ஆரம்பித்தார்.

‘சின் இன் தி சபர்ப்ஸ்’ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெரால்டின் என்ற இல்லத்தரசிக்குக் கணவன் இருக்கிறான், பள்ளியில் படிக்கும் மகள் இருக்கிறாள், பகல் பொழுது இருக்கிறது. அந்தப் பொழுதை வேறு ஆண்களோடு கழிக்கிறாள். அண்ணன் தங்கை என்று சொல்லிக்கொண்டு ஓர் ஆணும் பெண்ணும் அக்கம்பக்கத்தில் குடிவருகிறார்கள். இந்தத் தெருவின் சலிப்பைக் காசாக்கலாம் என்று கணக்குப் போட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு முகமூடிக் கிளப் தொடங்குவது இவர்கள்தான். கவனிக்க வேண்டிய இடம் இது. கிளப் நடத்துகிறவர்களுக்குக் காமம் வியாபாரம். வருகிற மனைவிகளுக்குத்தான் அது பசி. படம் எடுத்தவருக்கும் டிக்கெட் வாங்கியவருக்கும் நடுவில் இருந்த உறவும் அதுதான். சார்னோ அதைத் தெரிந்தே எழுதினாரா என்று கேட்டால், தெரியாமல் எழுதியிருக்க முடியாது என்பேன்.

கிளப் கடைசியில் தாயையும் மகளையும் ஒரே வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. குடும்பம் உடைவதும் அங்கேதான்.

இத்தனைக்கும் படத்தில் காட்டுவது மிகக் குறைவு. இன்றைய ஓடிடி தொடரின் முதல் பத்து நிமிடத்தில் வருவதுகூட இதில் இல்லை. நியூயார்க்கில் படங்களுக்கு அரசு உரிமம் வாங்க வேண்டியிருந்த கடைசிக் காலம் அது. வசனப் பிரதியைக் கல்வித் துறையின் திரைப்படப் பிரிவில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். காட்ட முடியாததால் சார்னோ முகத்தைப் பார்த்தார். ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கும்போது கேமரா அவள் முகத்துக்குப் பக்கத்தில் போய் அசையாமல் நிற்கும். பின்னால் இன்னொருத்தி நிழலில் நின்று இவளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இருவரையும் ஒரே சட்டகத்தில், ஒருத்தி முன்னால் ஒருத்தி பின்னால் என்று நிறுத்துவது அவருக்குக் கைவந்த கலை. அடுத்த கோணத்துக்கு விளக்குகளை மாற்றிப் போடும் நேரமும் காசும் மிச்சம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த முகங்களில் தெரியும் வெட்கமும் கணக்குப் பார்த்தலும் ஏக்கமும் மிச்சப்படுத்தியதால் வந்தவை இல்லை. முகங்களுக்குப் பேர்போன ஸ்வீடிஷ் இயக்குநரோடு ஒப்பிட்டு, இந்த மாதிரிப் படங்கள் ஓடிய நியூயார்க்கின் 42-வது தெருவின் பெர்க்மன் என்று பின்னாளில் அவரைச் சொன்னார்கள். அது கொஞ்சம் அதிகம்தான். அந்தத் தெருவில் நடிகைகளின் முகத்தை அந்த அளவு பொறுமையோடு பார்த்தவர்கள் அதிகம் இல்லை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

நடிகைகளையும் சொல்ல வேண்டும். ஜெரால்டினாக நடித்த ஆட்ரி காம்ப்பெல் அதே ஆண்டில் ‘ஓல்கா’ வரிசைப் படங்களில் பெண்களைச் சித்திரவதை செய்கிற கொடுமைக்காரியாக நடித்துக்கொண்டிருந்தார். கிளப் நடத்தும் இவெட்டாக வந்த டயான் தார்ன் பத்தாண்டு கழித்து ‘இல்ஸா’ என்ற நாஜிக் கொடுமைக்காரி வேடத்தில் உலகப் புகழும் இகழும் ஒருசேரப் பெற்றார். மலிவுப் படத்தில் நல்ல நடிகைக்குக் கிடைக்கும் பதவி உயர்வு சாட்டைதான் போலிருக்கிறது. பேரம் பேசும் பலம் இல்லாத பெண்களின் உழைப்பில் ஓடிய தொழில் இது என்பதை, சார்னோவின் ரசிகர்களும் மறந்துவிடக் கூடாது. படத்தில் என்ன வேடமாக இருந்தாலும் போஸ்டரில் அவர்கள் வெறும் உடம்பு.

அந்த 1964-ம் ஆண்டு ஜூனில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஜாகொபெல்லிஸ் தீர்ப்பும் வந்தது. லூயி மால் இயக்கிய ‘தி லவ்வர்ஸ்’ என்ற பிரெஞ்சுப் படத்தைத் திரையிட்டதற்காக ஒஹையோவில் ஒரு தியேட்டர் மேலாளருக்கு 2,500 டாலர் அபராதம் போட்டிருந்தார்கள். கணவனையும் குழந்தையையும் விட்டுவிட்டு ஒரே இரவில் சந்தித்தவனோடு போய்விடும் மனைவியின் கதை. நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்தது. கடும் ஆபாசத்துக்கு என்னால் இலக்கணம் சொல்ல முடியாது, பார்த்தால் தெரிந்துகொள்வேன், இந்தப் படம் அது இல்லை என்ற பொருளில் நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதியது அந்த வழக்கில்தான். சட்ட மாணவர்கள் இன்றும் அந்த வாக்கியத்தை வைத்துச் சிரிக்கிறார்கள். மனைவி வீட்டை விட்டுப் போகிற கதையைப் பற்றித்தான் அது எழுதப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அடுத்த ஆண்டு, முன்தணிக்கையைக் கட்டுப்படுத்தி அதே நீதிமன்றம் சொன்ன ஃப்ரீட்மன் தீர்ப்போடு மாநிலத் தணிக்கைகளின் முதுகெலும்பு ஒடிந்தது. நியூயார்க்கின் உரிம முறையும் 1965-ல் முடிந்தது.

பிறகு வெள்ளம். 1966-ல் சார்னோவே ‘மூன்லைட்டிங் வைவ்ஸ்’ எடுத்தார், இந்த முறை வண்ணத்தில். லாங் ஐலண்ட் இல்லத்தரசிகள் சம்பந்தப்பட்ட விபசார வழக்கு ஒன்று செய்தித்தாள்களில் அடிபட்டிருந்தது; அதிலிருந்து எடுத்த கதை. சுருக்கெழுத்துச் சேவை நடத்துவதாகச் சொல்லிக்கொண்டு ஓர் இல்லத்தரசி அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்துத் தொழில் நடத்துகிறாள். அவளுக்குக் காதலும் இல்லை, காமமும் இல்லை. வீட்டுச் செலவும் வசதியும்தான். அந்த வகையில் எனக்கு முந்தைய படத்தைவிட இது கூர்மையாகத் தெரிகிறது. அதே ஆண்டில் அவரது ‘தி ஸ்வாப் அண்ட் ஹவ் தே மேக் இட்’ படமும் வந்தது. பெயரிலேயே சரக்கு என்னவென்று சொல்லிவிட்டார்கள். ரத்தம் தெறிக்கும் படங்களுக்குப் பேர்போன ஹெர்ஷெல் கார்டன் லூயிஸ்கூட 1968-ல் ‘சபர்பன் ரூலெட்’ என்று ஒரு ஜோடிமாற்றுப் படம் எடுத்தார்.

இவற்றை எடுத்த விதம் தனிக் கதை. நடிகர்கள் பேசும்போதே ஒலியைப் பதிவு செய்யும் வசதி பலருக்குக் கிடையாது. அதனால் பிறகு குரல் கொடுக்க வேண்டும், உதட்டசைவு பொருந்த வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று டோரிஸ் விஷ்மன் ஒரு வழி கண்டுபிடித்தார். யாராவது பேசும்போது கேமரா கேட்கிறவரின் முகத்துக்கோ பேசுகிறவரின் முதுகுக்கோ காலணிக்கோ மேஜை விளக்குக்கோ போய்விடும். விஷ்மன் 1958-ல் கணவரை இழந்தபின் துக்கத்தை மறக்கப் படமெடுக்க வந்தவர். சகோதரியிடம் 10,000 டாலர் கடன் வாங்கித் தொடங்கினார். ஆண்களே நிறைந்திருந்த தொழிலில் எழுதி, இயக்கி, தயாரித்த பெண். ‘பேட் கேர்ள்ஸ் கோ டு ஹெல்’ போன்ற படங்களைத் தன் சொந்தக் குடியிருப்பிலேயே எடுத்தார். அவர் வீட்டுச் சோபாவையும் திரைச்சீலையையும் படத்துக்குப் படம் பார்த்துப் பழகிய ரசிகர்கள் உண்டு.

விற்பனை முறை பழைய குரோகர் பாப் காலத்ததுதான். பகுதி பகுதியாக உரிமையைப் பிரித்து விற்பது. ஒரே படத்துக்கு இரண்டு பிரதிகள் இருக்கும். கெடுபிடியான ஊருக்குச் சாதுவான பிரதி, போலீஸ் கண்டுகொள்ளாத ஊருக்குக் காரமான பிரதி. நம்மூர் காலைக் காட்சிகளில் ‘பிட்டு’ ஒட்டிய ஆபரேட்டர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. நியூயார்க்கின் 42-வது தெருதான் தலைமைச் சந்தை. பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் தனியாக வந்த ஆண்கள். புறநகர் ரயிலைப் பிடிப்பதற்கு முன் ஒரு காட்சி பார்த்துவிட்டுப் போன அலுவலகக் கணவன்மார்களும் அதில் இருந்திருப்பார்கள். தங்கள் மனைவிமார் பகலில் என்ன செய்கிறார்கள் என்று பயமுறுத்தும் படத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

தேவையில்லை என்று நினைத்த உபதேசம் மட்டும் கடைசி வரை இந்தப் படங்களை விட்டுப் போகவில்லை. கிளப் கலையும், குடும்பம் சிதறும், யாராவது அழுவார்கள். பழைய தணிக்கை விதிகளை மீறிப் பிறந்த படங்கள் அந்த விதிகள் கேட்ட தண்டனையை ஒழுங்காகக் கொடுத்துவிட்டுத்தான் முடிந்தன. சமூகத்துக்கு ஏதேனும் பயன் இருக்கிறதா என்று நீதிமன்றம் கேட்டால் காட்டுவதற்கு ஒரு சீட்டு வேண்டுமே. இங்கிலாந்தில் 1970-ல் ஸ்டான்லி லாங் தயாரித்து டெரெக் ஃபோர்டு இயக்கிய ‘தி வைஃப் ஸ்வாப்பர்ஸ்’ இதில் ஒரு படி மேலே போனது. ஆவணப்படம் போல வேஷம் கட்டி, ஜோடிமாற்றுக் காட்சிகளுக்கு நடுவே மனநல நிபுணர் ஒருவரை உட்காரவைத்துக் கவலையோடு விளக்கம் சொல்லவைத்தார்கள். எலியட் ஃபோர்ப்ஸ் மேடையிலிருந்து திரைக்குள் வந்துவிட்டார்.

இதற்குள் பெரிய ஸ்டுடியோக்கள் விழித்துக்கொண்டன. 1968 நவம்பரில் பழைய விதித்தொகுப்பு போய் வயதுத் தரச்சான்று வந்தது. மறு ஆண்டே கொலம்பியா நிறுவனம் பால் மஸர்ஸ்கி இயக்கத்தில் ‘பாப் அண்ட் கேரல் அண்ட் டெட் அண்ட் ஆலிஸ்’ வெளியிட்டது. நடாலி வுட் நடித்த படம். நியூயார்க் திரைப்பட விழாவில் திரையிடல், நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள். 42-வது தெருவில் அழுக்கு என்று சொன்ன அதே கதைக்கரு, நல்ல வெளிச்சமும் நல்ல உடையும் கிடைத்ததும் சமூக விமர்சனமாகிவிட்டது. அதிலும் கடைசியில் நான்கு பேரும் ஒரே கட்டிலில் ஏறி, ஒன்றும் நடக்காமல் இறங்கிவிடுகிறார்கள். நல்ல படம்தான்; ஆனால் துணிச்சல் என்று பார்த்தால் சார்னோவின் முகமூடிக் கிளப்பிலிருந்து அது ஓர் அடிகூட முன்னால் போகவில்லை.

தண்டனையே இல்லாத ஜோடிமாற்றுப் படம் என்று பார்த்தால் எனக்குத் தோன்றுவது ராட்லி மெட்ஸ்கரின் ‘ஸ்கோர்’. மூலம், 1970-ல் ஆஃப்-பிராட்வேயில் போட்ட ஒரு நாடகம். அதில் சிறு வேடத்தில் நடித்தவர் அப்போது யாருக்கும் தெரியாத சில்வெஸ்டர் ஸ்டலோன். மெட்ஸ்கர் கதையை நியூயார்க்கிலிருந்து பிடுங்கி அப்போதைய யூகோஸ்லாவியாவின் கடற்கரை ஊர் ஒன்றுக்குக் கொண்டுபோய் எடுத்தார். அனுபவசாலித் தம்பதி ஒன்று இளம் தம்பதி ஒன்றை வலைவிரித்துப் பிடிக்கிறது. ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் மயக்குவது போட்டி. யாரும் அழவில்லை, எந்த வீடும் இடியவில்லை. 1974-ல் அது திரைக்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது. ஏறக்குறைய 25,000 டாலரில் எடுத்த ‘டீப் த்ரோட்’ 1972-லேயே வெளிவந்து, மறைக்க எதுவும் இல்லாத படங்களின் சந்தையைத் திறந்துவிட்டிருந்தது. 1973-ல் உச்ச நீதிமன்றம் மில்லர் வழக்கில் ஆபாசத்தை அந்தந்த ஊர் வழக்கப்படி அளந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட, நாடு முழுக்க ஒரே பிரதியை ஓட்டுவதும் ஆபத்தானது. எல்லாவற்றையும் காட்டுகிற படம் அடுத்த தியேட்டரில் ஓடும்போது, முகத்தைக் காட்டுகிற படத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?

சார்னோ ஸ்வீடனுக்குப் போய் எடுத்த ‘இங்கா’ 1968-ல் வெளிவந்து பெரும் வெற்றி கண்டது. 1974-ல் ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ யங் அமெரிக்கன் ஹவுஸ்வைஃப்’ மூலம் அவர் மறுபடி பழைய புறநகர் மனைவிகளிடம் வந்தார். பிறகு வயிற்றுப்பாட்டுக்கு முழு ஆபாசப் படங்களைப் புனைபெயர்களில் எடுத்துத் தள்ளினார். அந்தக் காலம் முழுக்க உடன் நின்றவர் மனைவி பெக்கி ஸ்டெஃபன்ஸ்; நடிகையாக வந்து, அவர் படங்களில் பல வேலைகளை இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தவர். துணைமாற்றைப் பற்றி அமெரிக்காவில் அதிகம் படமெடுத்தவர்களில் ஒருவரின் திருமணம் பல பத்தாண்டுகள் நிலைத்தது. பெக்கி கணவரோடு வாழ்ந்த கடைசிக் காலத்தை 2013-ல் வந்த ‘எ லைஃப் இன் டர்ட்டி மூவீஸ்’ என்ற ஆவணப்படத்தில் பார்க்கலாம். சார்னோவின் படங்களைவிட அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

இந்தப் படங்களில் பலவற்றின் பிரதிகள் கிடங்குகளில் மக்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பாதுகாக்க வேண்டிய கலைப்பொருள் என்று யாரும் நினைக்கவில்லை. 1990-ல் சியாட்டிலில் மைக் வ்ரேனி தொடங்கிய ‘சம்திங் வியர்ட் வீடியோ’ நிறுவனம்தான் பழைய தயாரிப்பாளர்களைத் தேடிப் போய் நெகட்டிவ்களையும் பிரதிகளையும் வாங்கி வீடியோ கேசட்டாக்கியது. ‘சின் இன் தி சபர்ப்ஸ்’ இன்று பார்க்கக் கிடைப்பதற்கும் அவர்களே காரணம். 1999-ல் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘ஐஸ் வைட் ஷட்’ வந்தபோது அதன் முகமூடிக் கூட்டத்தைப் பார்த்துச் சில ரசிகர்களுக்கு சார்னோ நினைவுக்கு வந்தார். ஆனால் குப்ரிக் அதை எடுத்துக்கொண்டது ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் 1926-ல் வெளியிட்ட குறுநாவலிலிருந்து. சார்னோ 2010 ஏப்ரலில் மன்ஹாட்டனில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 89.